கல்லாவுக்கு அடியில் ஒரு கைத்துப்பாக்கி: பயிற்சிப் பள்ளிகள் வணிகருக்குச் சொல்லும் பாடம்

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் தென்பகுதியில் உள்ள ஒரு சிறிய கடையில் 1991ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி காலை நடந்த சம்பவம் இது. 15 வயதுச் சிறுமி ஒருத்தி ஆரஞ்சு ஜூஸ் பாட்டில் ஒன்றை எடுத்துத் தன் முதுகுப்பையில் வைத்துக்கொண்டு கல்லாவை நோக்கி வந்தாள். அதன் விலை 1 டாலர் 79 சென்ட். கொடுப்பதற்காகக் கையில் 2 டாலர் வைத்திருந்தாள். கல்லாவில் இருந்த கடைக்கார அம்மையார், சிறுமி திருடுகிறாள் என்று எண்ணி அவளைப் பிடித்து இழுத்தார். சிறுமி திருப்பி அடித்தாள். அம்மையார் ஸ்டூலைத் தூக்கி எறிந்தார். கைகலப்பு ஓய்ந்து, ஜூஸ் வேண்டாம் என்று விட்டுவிட்டுச் சிறுமி வாசலை நோக்கித் திரும்பினாள். அந்த நேரத்தில் அம்மையார் கல்லாவுக்கு அடியில் இருந்த கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். குண்டு பின்தலையில் பாய்ந்து சிறுமி அங்கேயே இறந்தாள்.

அந்தக் குடும்பம் கொரியாவிலிருந்து சென்று கடை வைத்துப் பிழைத்த குடும்பம். வட்டாரத்துக் கும்பல்களின் மிரட்டலுக்கும் தொடர் திருட்டுக்கும் ஆளாகி நொந்திருந்தவர்கள். தற்காப்புக்கு என்று கணவர் 10 ஆண்டுகளுக்கு முன் வாங்கியிருந்த ரிவால்வர் அது. இடையில் அது திருட்டுப் போய்த் திரும்பக் கிடைத்திருந்தது. திரும்பி வந்தபோது, லேசாகத் தொட்டாலே வெடிக்கும்படி அதன் விசை மாற்றப்பட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதற்கு முன் துப்பாக்கியைக் கையில் எடுத்ததே இல்லை என்றும், அது எப்படி வேலை செய்யும் என்பது கூடத் தமக்குத் தெரியாது என்றும் அந்த அம்மையார் நீதிமன்றத்தில் சொன்னார்.

கொலைக்கு அடுத்த நிலைக் குற்றத்தில் அவர் குற்றவாளி என்று ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதி சிறைக்கு அனுப்பாமல் 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூக சேவையும், 500 டாலர் அபராதமும் விதித்தார். இந்தத் தண்டனை போதாது என்ற கொதிப்பு அடங்கவே இல்லை. 1992 ஏப்ரல் 29ஆம் தேதி, கறுப்பர் ஒருவரை அடித்த போலீசார் வழக்கில் விடுதலையானதைத் தொடர்ந்து அந்நகரில் கலவரம் வெடித்தபோது, இந்தக் கொதிப்பும் அதோடு சேர்ந்துகொண்டது. கொரியர்களின் கடைகள் 2,000க்கும் மேல் சூறையாடப்பட்டன. ஜூஸ் விற்ற அந்தக் கடை மறுபடி திறக்கப்படவே இல்லை.

இதை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நகைக்கடை, அடகுக்கடை, மண்டி நடத்துபவர்களும், இரவில் வசூல் பணத்தோடு வீடு திரும்புபவர்களும், "ஒரு துப்பாக்கி லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்பது வழக்கம். கேள்வியில் தவறில்லை. உயிருக்குப் பயந்தவன் கேட்கத்தான் செய்வான். ஆனால் துப்பாக்கி தாராளமாகக் கிடைக்கும் அமெரிக்காவிலேயே, அதைக் கற்றுத் தரும் பள்ளிகள் தம்மிடம் வருபவர்களுக்கு எதை முதலில் சொல்கின்றன என்று நாம் தெரிந்துகொள்வது நல்லது.

பள்ளி எப்படித் தோன்றியது?

ஜெஃப் கூப்பர் என்பவர் அமெரிக்க மரீன் படையில் அதிகாரியாக இருந்தவர். அவர் 1976ஆம் ஆண்டு அரிசோனா மாநிலத்தில் பால்டன் என்ற சிற்றூருக்கு அருகே அமெரிக்கன் பிஸ்டல் இன்ஸ்டிடியூட் என்ற பள்ளியைத் தொடங்கினார். இன்று அது கன்சைட் அகாடமி என்ற பெயரில் நடக்கிறது. போலீசாருக்கும் ராணுவத்தாருக்கும் சொல்லித் தரும் தற்காப்புப் பயிற்சியைச் சாதாரணக் குடிமக்களும் பணம் கட்டிப் படிக்கலாம் என்று வழி செய்த பள்ளிகளில் இது முன்னோடி. இங்கே அடிப்படைக் கைத்துப்பாக்கி வகுப்பு 5 நாள் நடக்கும். அதற்குள் ஒரு மாணவர் ஏறத்தாழ 1,000 தோட்டாக்களைச் சுட்டுத் தீர்ப்பார்.

மாசத் அயூப் என்பவர் 1981ஆம் ஆண்டு நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில் இன்னொரு பள்ளியைத் தொடங்கினார். இவர் பகுதி நேரப் போலீஸ் அதிகாரியாகவும், துப்பாக்கி வழக்குகளில் நிபுணர் சாட்சியாகவும் இருந்தவர். இவர் வகுத்த 40 மணி நேர வகுப்பில் 20 மணி நேரம்தான் சுடும் பயிற்சி. மீதி 20 மணி நேரமும் மாணவர் வகுப்பறையில் உட்கார்ந்து, எப்போது சுடலாம், எப்போது சுடக்கூடாது, சுட்ட பிறகு சட்டம் என்ன கேட்கும் என்பதைப் படிக்க வேண்டும். பாதிப் படிப்பு சட்டம் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

முதல் பாடம்: நான்கு விதிகள்

சுடுவதற்கு முன்பே நான்கு விதிகளை மனப்பாடமாக்கிவிடுகிறார்கள். கூப்பர் தொகுத்த இவை இன்று உலகெங்கும் வழங்குகின்றன. நம் வார்த்தையில் சொன்னால் அவை இவை:

1. எந்தத் துப்பாக்கியையும் தோட்டா போட்ட துப்பாக்கி என்றே கருத வேண்டும். "காலிதான்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

2. எதை அழிக்க மனமில்லையோ, அதன் பக்கம் குழல்முனை ஒரு கணமும் திரும்பக் கூடாது.

3. குறி இலக்கில் நிற்கும் வரையில் விரல் விசையைத் தொடக் கூடாது.

4. இலக்கு எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகே சுட வேண்டும்.

நான்காவது விதியை நம் கடையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மாலை நேரத்தில் பலகைக்கு அந்தப்பக்கம் எத்தனை பேர் நிற்கிறார்கள்? அவர்களுக்குப் பின்னால் தெரு; தெருவில் பள்ளி விட்டுப் போகும் பிள்ளைகள். குறி தவறிய குண்டு எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல முடியாது. குறி தவறாத குண்டும் சில வேளை ஆளைத் துளைத்துக்கொண்டு அப்பால் போகும். பலகைத் தடுப்பும் தகர டின்னும் அதை நிறுத்தாது.

இரண்டாம் பாடம்: நான்கு நிறங்கள்

மனிதனின் விழிப்பு நிலையைக் கூப்பர் நான்கு நிறங்களாகப் பிரித்தார். வெள்ளை என்றால் சுற்றுப்புறம் தெரியாத நிலை. கணக்குப் புத்தகத்திலோ செல்போனிலோ மூழ்கிக் கிடக்கும்போது நாம் வெள்ளையில் இருக்கிறோம். மஞ்சள் என்றால் பதற்றம் இல்லை, ஆனால் கண் திறந்திருக்கிறது. யார் உள்ளே வருகிறார், யார் வெளியே நிற்கிறார் என்பது தெரிகிறது. ஆரஞ்சு என்றால் குறிப்பான ஒன்று மனதை உறுத்துகிறது. ஒருவன் சரக்கைப் பார்க்காமல் கல்லாவையே பார்க்கிறான். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜின் ஓடியபடி நிற்கிறது. சிவப்பு என்றால் மனம் தயாராகிவிட்டது. இவன் இன்னதைச் செய்தால் நாம் இன்னதைச் செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்தாயிற்று.

கடையில் இருக்கும் நேரமெல்லாம் மஞ்சளில் இருங்கள் என்பதே இதன் சாரம். இதற்குத் துப்பாக்கி தேவையில்லை, லைசென்ஸ் தேவையில்லை, ஒரு பைசா செலவும் இல்லை. ஆரஞ்சு நிலையிலேயே எழுந்து நின்று, அவன் கண்ணைப் பார்த்து, "என்ன வேணும் தம்பி?" என்று கேட்டுவிட்டால் பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். தன் முகம் கவனிக்கப்பட்டுவிட்டது என்பது திருட வந்தவனுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாம் பாடம்: தூரமும் நேரமும்

சால்ட் லேக் சிட்டி நகரத்துப் போலீஸ் அதிகாரி டென்னிஸ் ட்யூலர், ஒரு கேள்விக்கு விடை தேடி அதை 1983ஆம் ஆண்டு கட்டுரையாக எழுதினார். கத்தியோடு ஓடி வருபவன் எவ்வளவு தூரத்தில் இருந்தால் ஆபத்து என்பதே கேள்வி. திடமான ஒருவன் 21 அடியைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுகிறான். பயிற்சி பெற்றவர் இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, குறி பார்த்துச் சுடுவதற்கும் ஏறக்குறைய அதே ஒன்றரை விநாடி ஆகிறது.

நம் கடைப் பலகைக்கு இந்தப்பக்கத்துக்கும் அந்தப்பக்கத்துக்கும் இடையே 3 அடி இருந்தால் அதிகம். துப்பாக்கியோ இடுப்பில் இல்லை. மேஜை அறையில், பூட்டுக்குள், ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில் இருக்கிறது. குனிந்து, திறந்து, எடுப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அவன் கையில் ஏற்கெனவே ஆயுதம் இருந்தால், நாம் குனிவதைப் பார்த்ததுமே அவன் கை வேலை செய்துவிடும். பூட்டாமல் வைத்தாலோ, கடைப் பையன் கையிலும் வீட்டுக் குழந்தை கையிலும் அது எப்போது அகப்படும் என்ற கவலை வேறு.

நான்காம் பாடம்: யாரைச் சுடக்கூடாது?

பயிற்சி மைதானத்தில் முதல் இரண்டு நாளும் ஒரே வேலைதான். காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு நிற்பது, உருவுவது, குறி பார்ப்பது, விசையை நிதானமாக இழுப்பது, மறுபடி உறையில் வைப்பது. தோட்டா சிக்கிக்கொண்டால் பதறாமல் சரி செய்யவும் கற்றுக்கொடுக்கிறார்கள். கை பழகிய பிறகு, வீடு போல அமைத்த ஒரு கட்டடத்துக்குள் ஆசிரியரோடு அனுப்புகிறார்கள். அறைக்கு அறை அட்டை உருவங்கள் நிற்கும். ஒன்றின் கையில் துப்பாக்கி இருக்கும். மற்றொன்றின் கையில் செல்போனோ பணப்பையோ இருக்கும். சுட வேண்டியதைச் சுடாமல் விட்டாலும் தவறு. சுடக் கூடாததைச் சுட்டால் அதைவிடப் பெரிய தவறு.

பயம் வந்ததும் உடம்பு நம் பேச்சைக் கேட்பதில்லை. நெஞ்சு படபடக்கிறது, விரல்கள் நடுங்குகின்றன, பார்வை ஒரு குழாய் வழியே பார்ப்பது போல் குறுகிவிடுகிறது, பக்கத்தில் கத்துவது கூடக் காதில் விழாமல் போகிறது. அட்டை உருவத்தின் முன்பே கை நடுங்குகிறது என்றால், பயிற்சியே இல்லாதவர் கையில் நிஜமான நேரத்தில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 5 நாள் கற்றதும் பிறகு பழகாவிட்டால் மங்கிப் போகும் என்று அந்தப் பள்ளிகளே எச்சரிக்கின்றன.

ஐந்தாம் பாடம்: மூன்று கேள்விகள்

சட்ட வகுப்பில் மூன்று கேள்விகளைச் சொல்லித் தருகிறார்கள். எதிரில் இருப்பவனுக்கு நம்மைக் கொல்லவோ கொடுங்காயம் செய்யவோ திறன் உண்டா? அதைச் செய்யும் வாய்ப்பு இந்தக் கணத்தில் அவனுக்கு உண்டா? செய்யப் போகிறான் என்பது அவன் நடத்தையில் தெரிகிறதா? மூன்றுக்கும் "ஆம்" என்று பதில் வந்து, வேறு வழியும் இல்லை என்றால்தான் துப்பாக்கிக்கு வேலை. ஒன்றுக்கு "இல்லை" என்று வந்தாலும் சுட்டவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும்.

தொடக்கத்தில் சொன்ன சம்பவத்தில் இக்கேள்விகளை வைத்துப் பார்த்தால், சிறுமியிடம் ஆயுதம் இல்லை. சண்டையை விட்டுவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டாள். மூன்றுக்குமே பதில் "இல்லை" என்பதுதான். அமெரிக்காவில் டெக்சாஸ் போன்ற ஓரிரு இடங்களில் சில விதிவிலக்குகள் உண்டு என்றாலும், பொருளைக் காப்பதற்காக மட்டும் உயிரை எடுக்கலாம் என்று பெரும்பாலான மாநிலங்களின் சட்டம் சொல்வதில்லை. கேட்பதைக் கொடுத்துவிட்டு உயிரோடு இருங்கள் என்பதே கடைக்காரர்களுக்கு அங்கே தரப்படும் பொதுவான அறிவுரை.

கொள்ளையரிடமே கேட்டார்கள்

1970களில் தென் கலிபோர்னியாவில் செவன் இலெவன் கடைகளில் ஒரு சோதனை நடந்தது. கொள்ளையடித்துச் சிறை சென்று திரும்பியவர்களிடமே, "எந்தக் கடையைத் தேர்ந்தெடுப்பீர்கள், எதை விட்டுவிடுவீர்கள்?" என்று கேட்டார்கள். கல்லாவில் எவ்வளவு பணம் இருக்கும், தப்பி ஓட வழி உண்டா, வெளியிலிருந்து யாராவது பார்ப்பார்களா என்பவற்றைத்தான் பார்ப்போம் என்பது அவர்கள் தந்த பதில்களின் சாரம். அதன்படி கல்லாவில் சிறு தொகை மட்டும் வைத்து, மீதியை உடனே திறக்க முடியாத பெட்டியில் போட்டார்கள். கண்ணாடியை மறைத்த விளம்பரத் தாள்களைக் கிழித்தார்கள். தெருவிலிருந்து பார்த்தால் தெரியும்படி கல்லாவை முன்னால் கொண்டுவந்தார்கள். விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினார்கள். இப்படி மாற்றிய கடைகளில் கொள்ளை, மாற்றாத கடைகளைவிடக் குறைந்தது. துப்பாக்கி ஒன்று கூட இதில் சம்பந்தப்படவில்லை.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகளே வைத்திருக்கலாம். லைசென்ஸ் காலம் 5 ஆண்டு. லைசென்ஸ் முதலாளி பெயரில் இருந்தால், அவர் இல்லாத நேரத்தில் மகனோ கணக்குப்பிள்ளையோ அதை வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார முடியாது. தேர்தல் அறிவிப்பு வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வதும் வழக்கம்.

தற்காப்பு உரிமை இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. இச்சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கொள்ளை, சூரியன் மறைந்த பிறகு உதிப்பதற்குள் வீடு அல்லது கடையை உடைத்து நுழைதல் போன்ற கொடிய நிலைகளில் சொத்தைக் காக்க உயிர் போகும் அளவுக்கும் எதிர்க்கலாம் என்று 41ஆம் பிரிவு சொல்கிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலை இல்லாத சாதாரணத் திருட்டுக்கு அந்த உரிமை இல்லை. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது, போலீசை அழைக்க அவகாசம் இருந்தால் அழைக்க வேண்டும் என்று 37ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஒரு சோப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடுபவனைச் சுட்டுவிட்டு இந்தப் பிரிவுகளுக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

நாம் செய்யக்கூடியவை

உண்மையான கொலை மிரட்டல் உள்ளவர்கள், சட்டப்படி லைசென்ஸ் வாங்கி, முறையாகப் பயின்று, விடாமல் பழகுவதாக இருந்தால் அது அவரவர் முடிவு. மற்றவர்கள் அந்தப் பள்ளிகளின் முதல் பாதிப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும்:

1. கல்லாவில் சில்லறைக்கு வேண்டிய தொகை மட்டும் இருக்கட்டும். மீதியைப் பகலிலேயே வங்கியில் கட்டிவிடுங்கள். இன்று பெரும்பகுதி வசூல் செல்போன் வழியே வருவதால் இது முன்னைவிட எளிது.

2. வசூல் பணத்தோடு போகும் நேரத்தையும் வழியையும் மாற்றிக்கொண்டே இருங்கள். தனியாகப் போகாதீர்கள்.

3. கடைமுகப்பில் தோரணமாகத் தொங்கும் சரக்கு கல்லாவை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஷட்டர் இறக்கும் நேரத்தில் இரண்டு பேராவது இருங்கள். வாசல் விளக்கைக் கடைசியில் அணையுங்கள்.

4. பக்கத்துக் கடைக்காரரோடு ஓர் அடையாளச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் குரல் கொடுத்தால் நாமும், நாம் கொடுத்தால் அவரும் எட்டிப் பார்க்க வேண்டும்.

5. ஆயுதத்தோடு வந்து கேட்டால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆளின் உயரம், பேச்சு, வண்டி எண் ஆகியவற்றை மனதில் வாங்கிக்கொண்டு போலீசுக்குச் சொல்லுங்கள்.

6. திருட்டு என்று சந்தேகம் வந்தால் கையைப் பிடிக்கும் முன் வாயால் கேளுங்கள். "பில் போட்டாச்சா?" என்ற ஒரு வார்த்தை போதும். லாஸ் ஏஞ்சலிஸ் கடையில் அந்த ஒரு கேள்வியைப் பொறுமையாகக் கேட்டிருந்தால், சிறுமி கையிலிருந்த 2 டாலரைக் காட்டியிருப்பாள். 21 சென்ட் சில்லறையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

கல்லாவிலிருந்து போன பணத்தை நாளை வியாபாரத்தில் எடுத்துக்கொள்ளலாம். கடையில் போன உயிர், அது நம்முடையதானாலும் நம் வாடிக்கையாளருடையதானாலும், எந்தக் கணக்கிலும் திரும்ப வரவு வைக்க முடியாது.